கண்ணாடியா, எவர்சில்வரா? பிளாஸ்க் வாங்கும் முன்

போன மாதம் திருநெல்வேலியிலிருந்து தங்கை போன் செய்தாள். மகளுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகப் பை தயார், பிளாஸ்க் மட்டும் பாக்கி. "அக்கா, ஒங்கிட்ட நாலஞ்சு கெடக்குல்லா, எது நல்லதுன்னு சொல்லு. கடையில எதை எடுத்தாலும் 24 மணி நேரம் சூடு நிக்கும்னு போட்டிருக்கு" என்றாள்.

கிடப்பது உண்மைதான். அப்பா காலத்துக் கண்ணாடி பிளாஸ்க்கின் கூடு பரணில் இருக்கிறது. உள்ளே குடுவை இல்லை. இரவில் அம்மாவின் தலைமாட்டில் வெந்நீர் வைக்க ஒன்று, நான் வேலைக்கு டீ கொண்டுபோக ஒன்று, மலிவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் வாங்கி ஏமாந்தது ஒன்று. இத்தனையும் வாங்கிய பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கைப் பார்த்து பிளாஸ்க் எடுக்கக் கூடாது. உள்ளே எதை ஊற்றப் போகிறோம், யார் திறப்பார்கள், யார் கழுவுவார்கள், இந்த மூன்றையும் பார்த்து எடுக்க வேண்டும். போனில் அவளிடம் சொன்னதையும் சொல்ல விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பிளாஸ்க்கை உருவாக்கியவர் டீயையோ காபியையோ நினைத்து அதைச் செய்யவில்லை. ஜேம்ஸ் டுவார் ஸ்காட்லாந்துக்காரர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கடுங்குளிரில் வாயுக்களைத் திரவமாக்கும் ஆராய்ச்சியில் இருந்தார். திரவமாக்கிய வாயு வெளிச்சூட்டில் மறுபடி கொதித்துப் பறந்துவிடாமல் வைக்க அவருக்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. 1892இல் ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொரு குடுவையை வைத்து, நடுவில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். பள்ளிப் பாடத்தில் வெற்றிடக் குடுவை என்று படித்தோமே, அது இதுதான். காற்று இல்லாத இடத்தில் சூடு கடத்தலாலும் சலனத்தாலும் போக முடியாது. கதிராகப் போவதைக் கண்ணாடியில் பூசிய வெள்ளி திருப்பி அனுப்பிவிடும். டுவார் காப்புரிமை வாங்கவில்லை. ஜெர்மனியில் கண்ணாடிக் கருவிகள் செய்துகொண்டிருந்த ரைன்ஹோல்ட் பர்கர் அதையே வீட்டு உபயோகத்துக்கு ஏற்றபடி மாற்றினார். 1904இல் தெர்மோஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. டுவார் வழக்குப் போட்டுத் தோற்றார். 1913இல் அமெரிக்காவின் வில்லியம் ஸ்டான்லி கண்ணாடிக்குப் பதிலாக எஃகிலேயே செய்துகாட்டினார்.

இந்தக் கதை எதற்கு என்றால், நூறு வருஷத்துக்கு மேலாகியும் உள்ளிருக்கும் தத்துவம் மாறவில்லை. உண்மையான வெற்றிடம் உள்ள எந்த பிளாஸ்க்கிலும் உடம்பு வழியாகச் சூடு போவது சொற்பம். போவதெல்லாம் கழுத்து வழியாகவும் மூடி வழியாகவும்தான். ஆகவே கடையில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தேடினால் முதலில் வாயையும் மூடியையும் பாருங்கள். வண்ணத்தையும் வாரையும் பிறகு பார்க்கலாம்.

முதலில் போலியைத் தள்ளிவிடுவோம். நான் ஏமாந்தது அதில்தான். "டபுள் வால்" என்று எழுதியிருந்தது, எவர்சில்வர் பளபளத்தது, படத்தில் ஆவி பறந்தது. வந்து சேர்ந்ததும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் வெளிப்பக்கமே கை சுட்டது. இரண்டு சுவர் இருந்தது, நடுவில் வெறும் காற்று. சிலவற்றில் நடுவே நுரை அடைத்திருப்பார்கள். பஃப் என்று சொல்வார்கள், ஹாட் பாக்ஸில் இருப்பது போன்றது. நுரை அடைத்தது கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கு இளஞ்சூடான தண்ணீர் கொண்டுபோகவும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் காலியாகும் டீக்கும் போதும், விலையும் குறைவு. ஆனால் இரவு ஊற்றி விடியற்காலையில் குடிக்க அது ஆகாது. பெட்டியில் வேக்யூம் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். "டபுள் வால்", "இன்சுலேட்டட்" என்பதோடு நிறுத்தியிருந்தால் சந்தேகப்படுங்கள். வீட்டில் செய்யும் சோதனை அதைவிட நம்பகமானது. கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிஷம் கழித்து வெளியே தடவிப் பார்த்தால், நல்ல பிளாஸ்க் அறைச் சூட்டில்தான் இருக்கும். கழுத்துப் பக்கம் மட்டும் லேசாக வெதுவெதுக்கும்.

சரி, உண்மையான வெற்றிட பிளாஸ்க்குக்கு வருவோம். கண்ணாடியா எவர்சில்வரா?

சூடு தாங்குவதை மட்டும் பார்த்தால் கண்ணாடி சளைத்ததில்லை. கண்ணாடி எஃகை விடக் குறைவாகவே சூட்டைக் கடத்தும், அதனால் கழுத்து வழியாகப் போவது குறைவு. ருசிக்கும் கண்ணாடிதான். நேற்று காபி ஊற்றிய கண்ணாடிக் குடுவையில் இன்று வெந்நீர் ஊற்றினால் வெந்நீராகவே இருக்கும். அப்பா கடைசி வரை காபியை எவர்சில்வர் பிளாஸ்க்கில் குடிக்க மறுத்ததற்கு இதுதான் காரணம், நாங்கள்தான் பிடிவாதம் என்று நினைத்தோம். இன்னொரு சௌகரியம், குடுவை உடைந்தால் ரீஃபில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். முன்பு எல்லாப் பாத்திரக் கடையிலும் கிடைத்தது, இப்போது தேட வேண்டியிருக்கிறது. வாங்கும்போதே அந்த அளவு ரீஃபில் இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஆனால் கண்ணாடி உடையும். கை தவறி விழுந்துதான் உடைய வேண்டும் என்றில்லை. குளிர்ந்த தண்ணீர் இருந்த குடுவையில் சட்டென்று கொதிநீரை ஊற்றினாலும் விரியலாம், உள்ளே கரண்டியை விட்டுக் கலக்கினாலும் உடையலாம். குடுவையின் அடியில், காற்றை உறிஞ்சி மூடிய இடத்தில் ஒரு சின்ன முனை இருக்கும். அது இடிபட்டால் வெற்றிடம் போச்சு. உடைந்த குடுவையில் இருந்ததை வடிகட்டிக் குடிக்கலாம் என்று நினைக்கவே கூடாது, அப்படியே கொட்டிவிட வேண்டும். கண்ணாடி பிளாஸ்க் கீழே விழுந்தால் லேசாக ஆட்டிப் பார்த்து, சலசலவென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பச்சைக் குழந்தையும் பிரசவித்தவளும் இருக்கும் அறைக்கு, நாலு பேர் நடமாடும் இடத்துக்கு, கண்ணாடி வேண்டாம் என்று தங்கையிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். மேஜையை விட்டு நகராத பிளாஸ்க்குக்கும், காபி ருசியில் சமரசம் செய்யாத வீட்டுக்கும் கண்ணாடியே நல்லது.

எவர்சில்வர் விழுந்தாலும் நசுங்கும், உடையாது. ஆனால் அதற்கும் சாவு உண்டு. வெளிச்சுவர் ஆழமாக நசுங்கி உள்சுவரைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் சூடு வெளியேறும். எங்காவது ஒட்டு விட்டுக் காற்று உள்ளே புகுந்தால் வெற்றிடமே போய்விடும். கண்ணாடிக்கு ரீஃபில் உண்டு, இதற்கு வைத்தியம் கிடையாது. அப்புறம் அது வெறும் தண்ணீர் பாட்டில்தான்.

எஃகின் தரத்தைப் பற்றி நிறைய வதந்தி உலவுகிறது. பெட்டியில் 304 அல்லது 18/8 என்று இருந்தால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு, பாத்திரத்துக்கு ஏற்றது. 201, 202 வகைகளில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், அவை துருவுக்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும். வெளிச்சுவர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, உள்சுவர் 304 ஆக இருக்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். தெரியாது. 202உம் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. நல்ல 304கூட வளைத்து இழுத்த இடத்தில் லேசாக ஒட்டும். அதைவிட ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டும்.

"உள்ளே செம்புப் பூச்சு" என்று சில பெட்டிகளில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். செம்புப் பாத்திரத் தண்ணீர் மாதிரி உடம்புக்கு நல்லது என்று எங்கள் தெருவில் ஒருவர் வாங்கியே விட்டார். அந்தப் பூச்சு இருப்பது இரண்டு சுவருக்கும் நடுவில், வெற்றிடப் பக்கம். கதிர்ச் சூட்டைத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. குடிக்கும் தண்ணீர் அதைத் தொடவே தொடாது.

இனி அந்த 24 மணி நேரம். சூடு என்றால் எத்தனை டிகிரி? பெட்டியில் அதைச் சொல்லாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கை பொறுக்கும் வெதுவெதுப்பையும் சூடு என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? ஜப்பானில் விற்கும் பிளாஸ்க்குகளில் 95 டிகிரி தண்ணீரை ஊற்றி மூடினால் 6 மணி நேரம் கழித்து எத்தனை டிகிரி இருக்கும் என்று போடுகிறார்கள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட அதுதான் சரியான முறை. நம்மூர்ப் பெட்டியிலும் டிகிரி போட்டிருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் மணிக்கணக்கை மறந்துவிடுங்கள்.

ஊரும் கணக்கில் சேரும். உள்ளுக்கும் வெளிக்கும் சூட்டு வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகமாக ஆறும். சென்னையில் 32 டிகிரி வெயிலில் நிற்கும் பிளாஸ்க்கும் ஊட்டியின் 12 டிகிரி குளிரில் நிற்கும் பிளாஸ்க்கும் ஒரே மாதிரி ஆறாது. போதாக்குறைக்கு ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆரம்பமே குறைவு.

அளவும் அப்படித்தான். பெரிய பிளாஸ்க்கில் சூடு அதிக நேரம் நிற்கும். ஆனால் பாதி நிரப்பிய பெரிய பிளாஸ்க்கை விட முழுக்க நிரப்பிய சின்ன பிளாஸ்க் மேல். 500 மில்லி என்றால் வீட்டு டம்ளரில் மூன்று, நான்கு காபி. ஒருவர் வேலைக்கு எடுத்துப்போக 350 மில்லியே தாராளம். ஒரு லிட்டர் எவர்சில்வர் பிளாஸ்க்கை நிரப்பித் தூக்கினால் ஒன்றரைக் கிலோ வரை வரும். தினமும் பஸ்ஸில் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வாயும் மூடியும்தான் நான் அதிகம் சொல்ல விரும்புவது. வாய் குறுகினால் சூடு நிற்கும், கழுவ முடியாது. வாய் அகன்றால் கை உள்ளே போகும், சூடும் போகும். வெந்நீர் மட்டும் என்றால் குறுகிய வாய், பால் சேர்ந்தது எதுவானாலும் பாட்டில் பிரஷ் அடி வரை தாராளமாகப் போய்வரும் வாய், கஞ்சிக்கும் ரசத்துக்கும் கை நுழையும் வாய் என்று நான் பிரித்துவைத்திருக்கிறேன்.

மூடியில் இரண்டு வகை. முழுக்கத் திருகிக் கழற்றும் கெட்டி மூடி ஒன்று. பட்டனை அழுத்தினால் ஊற்றும் மூடி இன்னொன்று. சூட்டுக்குத் திருகு மூடி மேல், கழுவவும் அதுதான் சுலபம். பட்டன் மூடிக்குள் ஸ்பிரிங், வால்வு, சந்து பொந்து எல்லாம் இருக்கும். பால் டீயை ஒரு வாரம் ஊற்றினால் அங்கே என்ன ஊறிக்கிடக்கும் என்று கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்தும் அம்மாவுக்கு நான் வாங்கியது பட்டன் மூடிதான். அவளுக்கு விரல் மூட்டுகளில் வலி. கொதிநீரை ஊற்றி இறுக்கி மூடினால், உள்ளே ஆவி குளிர்ந்து அழுத்தம் குறைந்து, மூடி உள்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முதலில் வாங்கிய திருகு மூடி பிளாஸ்க்கை நடு இரவில் திறக்க முடியாமல் அவள் என்னை எழுப்பாமலேயே தாகத்தோடு படுத்திருந்தாள். காலையில்தான் சொன்னாள். பட்டனை அழுத்தினால் அந்தப் பிடிப்பு தானாக விட்டுவிடும். அதில் தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறோம், ஆகவே பால் அடைக்கும் பிரச்சினையும் இல்லை.

மேலே அழுத்தினால் பீய்ச்சும் பம்ப் பிளாஸ்க் விருந்தாளி வரும் வீட்டுக்கு நல்லது. உள்ளே போகும் குழாயைக் கழுவுவது பெரும்பாடு என்பதால் பால் ஊற்ற வேண்டாம்.

உள்ளே ஊற்றுவது எது என்பதற்கு வருகிறேன். பிளாஸ்க்குக்கு மிகவும் இசைந்த பானம் சுக்கு மல்லிக் காபி. பால் இல்லை, நேரமாக ஆகக் கெடுவதும் இல்லை. கருப்பட்டி போட்டதை ராத்திரி ஊற்றிக் காலையில் குடித்தாலும் நன்றாகவே இருக்கும். பால் டீயை நன்றாக வடிகட்டி ஊற்றினால் இரண்டு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் ருசி மாறிவிடும். தூள் கொஞ்சம் உள்ளே போனாலும் அது சூட்டில் ஊறி ஊறிக் கசக்கும். பில்டர் காபியைக் கலந்து ஊற்றுவதை விட டிகாக்‌ஷனைச் சின்ன பாட்டிலில் தனியாகவும் கொதித்த பாலை பிளாஸ்க்கிலும் கொண்டுபோய் அங்கே கலந்தால்தான் காபி.

பால் விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் பெருகும். காய்ச்சினாலும் சாகாத வித்துக்கள் பாலில் இருக்கலாம். பால் வெதுவெதுப்பாக நிற்கும்போது அவை முளைக்கும். அந்த வெதுவெதுப்பை மணிக்கணக்கில் காப்பாற்றிக் கொடுப்பதுதான் பிளாஸ்க்கின் வேலையே! ஆகவே பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, இரண்டு மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பச்சைக் குழந்தைக்கு மருத்துவர் பவுடர் பால் கொடுக்கச் சொன்னால் கலந்த பாலை பிளாஸ்க்கில் வைக்கவே கூடாது. வெந்நீரை பிளாஸ்க்கில் வைத்து, வேண்டும்போது கலந்து, ஆற்றிக் கொடுக்க வேண்டும். அந்த நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. விடிய விடிய நின்ற பிளாஸ்க் தண்ணீர் இதற்கு ஆகாது, புதிதாகக் கொதிக்க வைத்து மாற்ற வேண்டும். தங்கைக்கு இதைத்தான் இரண்டு தடவை சொன்னேன்.

உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு இரண்டையும் எவர்சில்வர் பிளாஸ்க்கில் இரவு முழுக்க வைக்காதீர்கள். உப்பும் புளிப்பும் எஃகில் பொட்டுப் பொட்டாகக் குழி விழ வைக்கும். சோடா, கோலா வகைகளுக்கு மூடிய பிளாஸ்க்கே ஆகாது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் செய்ய வேண்டியதை அன்றன்றே செய்ய வேண்டும். ஊற்றுவதற்கு முன் கொஞ்சம் கொதிநீரை விட்டு ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு ஊற்றினால் ஆரம்பச் சூடு வீணாகாது. கண்ணாடி என்றால் முதலில் வெதுவெதுப்பான நீர், பிறகுதான் கொதிநீர். காலியானதும் கழுவிவிட்டு மூடாமல், வாய் திறந்தபடி காய வைக்க வேண்டும். பிளாஸ்க் நாற்றம் என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் குடுவையின் நாற்றமில்லை. மூடியில் இருக்கும் வாஷரின் நாற்றம். வாரம் ஒரு முறை அதை நெம்பி எடுத்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். நாற்றம் போகவில்லை என்றால் புது வாஷர் போடுவதுதான் வழி.

உள்ளே பழுப்பாகப் படிவது டீக்கறை. வெந்நீரில் இரண்டு ஸ்பூன் ஆப்பச் சோடாவைக் கரைத்து ஊற்றி, மூடாமல் இரவு விட்டால் காலையில் பிரஷ் போட்டதும் வந்துவிடும். வெள்ளையாகப் படிவது வேறு. அது உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு. எங்கள் தாம்பரம் போர்வெல் தண்ணீரில் மாதம் ஒரு முறை வந்துவிடும். அதற்குப் புளிப்பு வேண்டும்: எலுமிச்சைச் சாறோ வினிகரோ வெந்நீரில் கலந்து ஒரு மணி நேரம் வைத்தால் போதும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றினால் பொங்குகிறதே, அதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று வீடியோ போடுகிறார்கள். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும், அவ்வளவுதான். கறைக்கும் உதவாது, சுண்ணாம்புக்கும் உதவாது. குறுகிய வாய் எவர்சில்வர் என்றால் ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கலாம். கண்ணாடியில் அந்த வேலை வேண்டாம். கம்பி நாரும் பிளீச்சிங் பவுடரும் எவர்சில்வருக்கு எதிரி.

பிளாஸ்க்கை அப்படியே அடுப்பில் வைத்துச் சுட வைப்பது, பிரீசரில் வைப்பது, மைக்ரோவேவில் வைப்பது மூன்றும் கூடாது. கண்ணாடி பிளாஸ்க்கைத் தண்ணீரில் முக்கிக் கழுவினால் கூட்டுக்கும் குடுவைக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து தேங்கும், வெளியே துணியால் துடைத்தால் போதும்.

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யச் சொன்னேன். ராத்திரி 9 மணிக்குக் கொதிநீரை நிரப்பி மூடி, காலை 6 மணிக்கு ஒரு டம்ளரில் டீத்தூளைப் போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிப் பார். சாயம் நன்றாக இறங்கினால் பிளாஸ்க் தேறியது. தண்ணீர் வெளுத்தே நின்றால் அன்றைக்கே பில்லோடு கடைக்குப் போ.

அவள் இரண்டு வாங்கினாள். வெந்நீருக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர், திருகு மூடி. எதிர்த்த கடையில் டீ வாங்கிவர 500 மில்லி, பிரஷ் நுழையும் வாய். சாயம் நன்றாக இறங்கியது என்று மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"வாஷர் தனியா கிடைக்குமான்னு கேட்டியா?"

"கேட்டேன்க்கா. ரெண்டு எடுத்து பையிலயே போட்டுட்டாரு."